இடது கைக்கு ஒரு வித்தை

பிப்ரவரி 2

பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியைச் செண்பகம் இன்று இறக்கிக் கொடுத்தாள். ஸ்டூலில் ஏறியதும் அவள், இறக்கியதும் அவள், தூசி தட்டியதும் அவள். நான் கீழே நின்று, "பாத்து, பாத்து" என்றேன். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் தெருவில் வித்தை காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து டோலக் அடிக்கிறவள் அவள்தான். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பாக்கியை எல்லாம் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வாள்.

ஐப்பசியில் எனக்குப் பக்கவாதம் வந்தது. கோணிய வாய் நேராகிவிட்டது. காலும் வந்துவிட்டது, கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான். இடது கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கின்றன. எதையாவது உள்ளே திணித்தால் பிடித்துக்கொள்ளும். விடச் சொன்னால் விடாது.

பங்குனியில் கழுகுமலைத் தேர். வருஷம் தவறாமல் தேரன்று அங்கே நான் நிற்பேன். இந்த வருஷமும் நிற்பேன். எந்த ஊரில் எதைக் காட்டினேன் என்று டைரியில் குறித்துவைப்பது என் வழக்கம். பார்த்ததையே திரும்பக் காட்டினால் சனம் ராட்டினத்துப் பக்கம் போய்விடும். ஐப்பசிக்குப் பிறகு குறிக்க ஒன்றும் இல்லாமல் இருந்தது. இனிமேல் இருக்கும். ஒரே கையால் செய்ய என்னவெல்லாம் உண்டு என்று நாளை பார்க்கவேண்டும்.

பிப்ரவரி 3

காலை முழுக்க இதே வேலை. பெட்டியில் இருந்ததை எல்லாம் பாயில் பரப்பினோம்.

ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இரும்பு வளையங்களை முதலில் எடுத்தேன். வெயிலில் மின்னும், சத்தம் போடும், கடைசி வரிசை ஆளுக்கும் தெரியும். ஆனால் இரண்டு கையும் வேண்டும். ஒதுக்கி வைத்தேன். கோப்பையும் பந்தும் அதே கதைதான். தவிர அது தரையில் உட்கார்ந்து செய்வது, இந்தக் காலோடு உட்கார்ந்தால் என்னை எழுப்ப ஆள் வேண்டும். சீட்டுக்கட்டு தெருவுக்கு என்றைக்குமே ஆகாது. பங்குனிக் காற்றில் ஒரு ராணி பறந்தால் மலை உச்சியில்தான் போய்த் தேடவேண்டும்.

மேடையில் செய்கிறவர்களுக்குச் சுகம். பார்க்கிறவன் எதிரே மட்டும்தான் இருப்பான். தெருவில் சுற்றி நிற்பான், முதுகுப் பக்கம் நிற்பான், மதில்மேல் ஏறி உட்கார்ந்து தலைக்கு மேலிருந்து பார்ப்பான். அதனால்தான் கண்ணாடி வைத்த சாமான் எதுவும் தெருவுக்கு உதவாது. ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு என்று செய்த கண்ணாடிப் பெட்டி ஒன்று இன்னும் கிடக்கிறது. அதைப் பரணிலேயே விட்டுவிடச் சொன்னேன்.

கடைசியில் வற்றாத செம்பு கையில் வந்தது. கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக் காலி என்று காட்டுவேன். கொஞ்ச நேரம் கழித்துக் கவிழ்த்தால் மறுபடியும் தண்ணீர் கொட்டும். எத்தனை முறை கவிழ்த்தாலும் கொட்டும். காற்றுக்கு அசையாது, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் குட்டு உடையாது, வெயிலுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே சனத்துக்கு ஒரு சந்தோஷம். எல்லாவற்றுக்கும் மேலாக, வலது கை ஒன்றே போதும். எப்படி என்று டைரியில்கூட எழுதமாட்டேன்.

"இடது கைக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றாள் செண்பகம்.

"அதுக்கு லீவு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 5

கோவில்பட்டி ஆஸ்பத்திரி. கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ரெஜினா. சின்ன வயசு, நல்ல பொறுமை. என்னை அங்கிள் என்கிறாள், அது ஒன்றுதான் பிடிக்கவில்லை.

நான் வீட்டில் என்ன பழகுகிறேன் என்பதைச் செண்பகம் போட்டுக் கொடுத்துவிட்டாள். ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஒத்தக் கையிலயே எல்லாத்தையும் பழகிட்டீங்கன்னா, இந்தக் கை வேலைக்கு வராமலே போயிரும். அதுக்கு வேலை இல்லன்னு மூளையே முடிவு பண்ணிரும். இந்த மாசங்கள விட்டா அப்புறம் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"தேர் முடியட்டும்மா."

"அடுத்த வாரம் பாப்பேன். கொஞ்சம்கூட முன்னேத்தம் இல்லன்னா உங்க வலது கைக்கு உறை மாட்டி விட்டுருவேன். பகல் பூரா இடது கையாலதான் எல்லாம் செய்யணும்."

வலது கைக்கு உறை போட்டால் செம்பை யார் தூக்குவது? பஸ்ஸில் வரும்போது செண்பகம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் புள்ள சொல்லுதது சரிதான்" என்றாள். எனக்கு அது காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8

செம்பு கை நழுவி நடுவீட்டில் விழுந்தது. வீடெல்லாம் தண்ணீர். செண்பகம் துடைத்தாள்.

பிப்ரவரி 12

இன்று ஒரு வித்தை நடந்தது. குறித்து வைக்கவேண்டியதுதான்.

ரெஜினா மேஜையில் ஒரு பஞ்சுப் பந்தை வைத்தாள். இடது கையால் அதை எடுத்துப் பக்கத்திலிருக்கும் டம்ளரில் போடவேண்டும். எடுத்தேன், போட்டேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "சூப்பர் அங்கிள்!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். அவளுடைய சீட்டில் என்னவோ எழுதினாள். உறைப் பேச்சு எழவே இல்லை.

இடது கை அந்தப் பந்தைத் தொடக்கூட இல்லை. அதன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிப்பதுபோல் வலது கையைக் கீழே கொடுத்திருந்தேன். எடுத்தது, ஒளித்தது, போட்டது எல்லாம் அந்த வலது கைதான். நான் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் கூட்டமும் பார்க்கும். கையைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கிய பெண்ணின் முன்னால், ஒரு முழம் தூரத்தில் வைத்துச் செய்திருக்கிறேன்.

செண்பகம் அறைக்கு வெளியே மருந்து வாங்க வரிசையில் நின்றாள். ரெஜினா ஓடிப்போய் அவளிடம் சொன்னாள். செண்பகம் அங்கேயே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

பிப்ரவரி 13

செண்பகம் காலையில் கோயிலுக்குப் போய் என் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். வந்து கேசரி கிண்டினாள். எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். வாசலில் போகிற பால்காரரைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு கை வந்துருச்சு" என்று சொன்னாள்.

கேசரியில் நெய் அதிகம். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பிப்ரவரி 16

கழுகுமலையிலிருந்து மைதீன் பிச்சை போன் செய்தார். தேர்க்கடைகளில் அவருடைய வளையல் கடைதான் வரிசையின் கடைசி. அதை ஒட்டிய காலி இடத்தில்தான் நான் நிற்பேன்.

"அண்ணாச்சி, எடத்தப் பிடிச்சு வைக்கட்டா? பொம்மைக் கடைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். நீங்க வருவீகளா மாட்டீகளான்னு யாருக்கும் தெரியல."

"வருவேன். பிடிச்சு வையுங்க."

"கை எப்படி இருக்கு?"

"பரவால்ல" என்றேன்.

சாயங்காலம் செண்பகம் பூரிக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளி உருட்டி என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர். "எனக்கு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. நான்தான் பாக்கவே இல்லயே" என்றாள். சின்னப் பிள்ளைபோல் முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஏனோ, செய்தேன். உருண்டை டம்ளரில் விழுந்தது.

அவள் டம்ளரிலிருந்து மாவை எடுத்துத் திரும்ப மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். வெகுநேரம் பிசைந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"கையப் பாத்து இல்ல. கைய உங்களவிட யாரு மறைப்பா? மொகத்தப் பாத்தேன். வராத கைய வரவைக்கிற மனுசன் மொகமா அது? கூட்டத்தப் பாக்குற மொகம்லா."

பிறகு சொன்னாள்: "நான் பால்காரர் வரைக்கும் சொல்லிட்டேங்க."

பிப்ரவரி 17

பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், மாத்திரை கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள். நான் காபி குடிக்க டம்ளரை எடுத்தால்கூட அவள் கண் என் வலது கைக்குப் போகிறது. இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஊரே என் கையைச் சந்தேகமாகப் பார்க்கும், அதுதான் என் பிழைப்பு. இவள் பார்த்தால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 19

ஆஸ்பத்திரி. ரெஜினா பஞ்சுப் பந்தை வைத்ததும் செண்பகம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"இப்ப எடுக்கச் சொல்லும்மா."

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான் முக்கினேன். தோள் ஏறியது, முழங்கை ஏறியது, விரல் ஒன்றும் விரியவில்லை. ரெஜினா என்னையும் செண்பகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எப்படிச் செஞ்சீங்க அங்கிள்?" என்று கேட்டாள்.

"அதச் சொல்லமாட்டேம்மா."

"சரி, சொல்ல வேண்டாம். என்னை ஏமாத்துனீங்கல்ல? அதே மாதிரி உங்க மூளைய ஏமாத்தணும். அதுக்கு ஒரு பயிற்சி இருக்கு. வீட்ல பெரிய கண்ணாடி இருக்கா?"

நெஞ்சுக்கு நேராக மேஜையில் ஒரு கண்ணாடியை நிறுத்தவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இடது கை, முன்னால் வலது கை. வலது கையை விரித்து மூடிக்கொண்டே கண்ணாடியைப் பார்க்கவேண்டும். கண்ணாடிக்குள் தெரிவது இடது கை அசைவதுபோல் இருக்கும். மூளை அதை நம்பும், நம்பினால் உண்மையான கைக்கும் கட்டளை போகும். உறையை இப்போதைக்கு ஒத்திவைக்கிறாளாம். இதைத் தினமும் செய்யவேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி வைத்து ஊரை ஏமாற்றியவன் நான். என்னிடமே கண்ணாடியா?

பிப்ரவரி 20

பரணிலிருந்த கண்ணாடிப் பெட்டி இறங்கிவிட்டது. செண்பகம் அதிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, இரண்டு செங்கலுக்கு நடுவில் நிறுத்தி வைத்தாள். உட்கார்ந்தேன். வலது கையை விரித்தேன், மூடினேன். கண்ணாடியில் என் வலது கை விரிந்தது, மூடியது.

"நம்புதீங்களா?"

"கண்ணாடின்னு தெரியுதே. எப்படி நம்ப? ஓரம் தெரியுது. செங்கல் தெரியுது. நம்ம பூப்போட்ட விரிப்பு கண்ணாடிகிட்ட வந்து பாதிப் பூவா முறியுது. கயிறு அறுக்கும்போது கத்தி பட்ட தழும்பு என் வலது கையிலதான் இருக்கு, உள்ள தெரியுத கையிலயும் அது இருக்கு. வலது மணிக்கட்டுல கோயில் கயிறு. வெளிச்சம் வேற தப்பான பக்கத்துலருந்து வருது. இவ்வளவு மோசமா ஒருத்தன் தெருவுல காட்டுனா கல்லெடுத்து எறிவாங்க."

செண்பகம் எழுந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். ஒரு கறுப்புத் துணியும் கத்தரிக்கோலும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"அப்ப நல்லாச் செய்யுங்க. நீங்கதான வித்தைக்காரரு."

பிப்ரவரி 24

நான்கு நாளாக டைரி எழுத நேரமில்லை.

கண்ணாடியின் ஓரத்துக்குக் கறுப்புத் துணி ஒட்டினேன். செங்கலை எடுத்துவிட்டு, முன்னால் தெரியாதபடி பின்பக்கம் மரக்கால் பொருத்தினேன். பிடிக்கவேண்டிய இடங்களில் செண்பகம் பிடித்தாள். பூ விரிப்பை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத் துணி விரித்தாயிற்று. மேஜையை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினோம், இப்போது வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது. கோயில் கயிற்றை இடம் மாற்றுவதா என்று செண்பகம் யோசித்தாள், கடைசியில் இன்னொரு கையிலும் ஒன்று கட்டிவிட்டாள். தழும்புக்கு அவளுடைய முகப்பவுடரைக் குழைத்துப் பூசிப் பார்த்தேன், அது வியர்த்தால் உதிர்கிறது. நாளைக்கு வேறு ஏதாவது பார்க்கவேண்டும்.

எந்தத் திருவிழாவுக்கும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. தெருவில் சுற்றி நிற்கிற அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் ஏமாற்றவேண்டும். இங்கே ஒரே ஓர் ஆள். நாற்காலியை விட்டு எழமாட்டான், தலையைத் திருப்பமாட்டான். ஆனால் எல்லா ரகசியமும் தெரிந்தவன். அவனை விழவைப்பதுதான் கஷ்டம்.

செண்பகம் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

பிப்ரவரி 27

எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு குறை கிடையாது. ஆனாலும் நம்பவில்லை. பார்க்கப் பார்க்க என் வேலைப்பாடுதான் கண்ணில் படுகிறது. கை தெரியமாட்டேன் என்கிறது.

மார்ச் 1

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

கண்ணாடி முன் உட்கார்ந்ததும் செண்பகம், "இன்னைக்கு நீங்க சும்மா உக்காருங்க. வித்தை நான் காட்டுதேன்" என்றாள். டோலக்கை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு நான் கூட்டத்தில் சொல்வதை எல்லாம் என் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தாள். "தாய்மாரே, அண்ணாச்சிமாரே, முன்னால நிக்கிறவுக உக்காருங்க, பின்னால நிக்கிறவுக பையப் பத்திரமாப் பிடிச்சுக்கோங்க!" இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை பேசாமல் டோலக் அடித்தவளுக்கு என் இழுவை, என் இருமல், மீசையைத் தடவுவது எல்லாம் அப்படியே வருகிறது. நான் அப்படியா இருமுகிறேன்?

விளாத்திகுளத்தில் முட்டை மறையும் வித்தை காட்டியபோது நிஜமாகவே ஒரு நாய் முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியதை எடுத்துவிட்டாள். நான் அன்று "பாத்தீங்களா, மறைஞ்சிருச்சு!" என்று சமாளித்ததை நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். என் இடது கைமேல் ஒரு பட்டுக் கைக்குட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. அது ஊர்வது எனக்குத் தெரிந்தது. ஐப்பசியிலிருந்து எதைத் தொட்டாலும் கெட்டித் துணிக்கு வெளியிலிருந்து தொடுகிறமாதிரி மரத்துக் கிடந்த கை. இன்று பட்டு பட்டாகத் தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை குளிர்ச்சியாகப் போனது. கண்ணாடிக்குள் விரல்கள் விரிந்தன. என் இடது கை விரல்கள், ஒவ்வொன்றாக, லேசாக.

எனக்குத் தெரியும், அது கண்ணாடி. துணி ஒட்டியது நான், கால் பொருத்தியது நான். அவள் இரண்டு கைக்குட்டையை எடுத்து முன்னால் வலது கைமேல் ஒன்றும் பின்னால் இடது கைமேல் ஒன்றும் ஒரே நேரத்தில் இழுத்தாள் என்பது அடுத்த நொடியே புரிந்துவிட்டது. பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்பிவிட்டுக் காரியம் பார்ப்பது என் சொந்த வேலை. தெரிந்தே விழுந்தேன்.

அழுதுவிட்டேன். அதை மறைப்பதற்கு ஒரு வித்தையும் என்னிடம் இல்லை. செண்பகம் டோலக்கைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்தீங்களா?"

"விழுந்துட்டேண்டி."

மார்ச் 4

தினமும் கண்ணாடி. காலையிலும் சாயங்காலமும். செண்பகம் புதுப்புதுக் கதையாக எடுத்துவிடுகிறாள். என்னைப் பற்றி இவ்வளவு கேலி இவளிடம் சேர்ந்து கிடந்தது எனக்குத் தெரியாது.

மார்ச் 9

கட்டைவிரல் அசைந்தது. கண்ணாடிக்குள் அல்ல, பின்னால். செண்பகம்தான் அந்தப் பக்கம் இருந்து பார்த்தாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. அவள் பார்த்தாள், அது போதும்.

மார்ச் 12

ரெஜினாவிடம் போனோம். வலது கையைச் செண்பகம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பஞ்சுப் பந்தை இடது கையில் திணித்து, "விடுங்க அங்கிள்" என்றாள் ரெஜினா. வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விலகிப் பந்து உருண்டு மேஜைக்குக் கீழே போனது. மூன்று பேரும் அதைக் குனிந்து தேடினோம். ரெஜினா இந்தத் தடவை கத்தவில்லை. பந்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எல்லா நேரமும் இப்படி விடாது. டென்ஷனா இருந்தா இறுகிக்கும். ஆனா வரும். வேலை குடுத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

வேலை கொடுப்பது என்றால் பட்டியலை மாற்றவேண்டும். செம்பு இருக்கட்டும். ஆனால் ஒற்றைக் கையால் செய்வதற்கென்று எடுத்து வைத்த மற்றதை எல்லாம் பெட்டிக்குள் போட்டேன். கயிறு அறுத்து ஒட்டுகிற வித்தையை வெளியே எடுத்தேன். அதில் கயிற்றின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்திருப்பது இடது கையின் வேலை, பிடிக்கத்தான் இதற்கு நன்றாகத் தெரியுமே. கடைசிக்கு, காசு. கூட்டத்தில் ஒருவரிடம் காசு வாங்கி இடது கைக்குள் வைப்பதுபோல் வைத்து மூடவேண்டும். காசு வலது கையிலேயே தங்கிவிடும். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் டோலக், இடது கையைத் திறந்தால் காசு இருக்காது. செம்புக்கு அடியில் இருக்கும்.

"தொறக்கலன்னா?" என்றாள் செண்பகம்.

"தொறக்கலன்னா தொறக்காமலே விட்டுருவேன். மூடுன கை மூடுனபடி இருக்கட்டும்னு சொல்லிச் செம்பத் தூக்கிக் காட்டிருவேன். காசு அங்க இருக்கும். ஒருத்தனுக்கும் தெரியாது."

நல்ல ஏற்பாடுதான். அவள் தலையாட்டினாள். ஆனால் ஒத்திகை பார்த்தபோது காசு இருக்கிற என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

மார்ச் 19

காலையில் திறந்தது. மத்தியானம் திறக்கவில்லை. சாயங்காலம் பாதி.

மார்ச் 23

மூட்டை கட்டியாயிற்று. செம்பு, கயிறு, கத்தரிக்கோல், டோலக், குடை. ஒன்றரை மாசத்துக்கு முன்னால் பாய் நிறையப் பரப்பியதில் இவ்வளவுதான் மிச்சம். செண்பகம் எனக்குச் சட்டை தேய்த்தாள். இடது கைப் பொத்தானை அவள் போட வந்தாள், நானே போடுகிறேன் என்றேன். வலது கைக்காரன் இடது கைப் பொத்தானைப் போடுவதில் பெருமை ஒன்றும் இல்லை என்றாள். உண்மைதான்.

மார்ச் 25

நேற்றுத் தேர். இன்று காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன், உடம்பெல்லாம் வலி.

மைதீன் பிச்சை சொன்னபடி இடத்தைப் பிடித்து, சாக்குப் போட்டு வைத்திருந்தார். செண்பகம் டோலக்கைத் தட்டினாள். நான் குரல் கொடுத்தேன்.  சனம் வந்தது. நல்ல கூட்டம். மலைப்பாறையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

செம்பு தப்பாமல் கொட்டியது. கயிறும் நன்றாகப் போனது. அறுத்த கயிறு ஒட்டியதும் விசில் பறந்தது. இடது கை முனையை விடாமல் பிடித்தது, பிறகும் விடவில்லை, கயிற்றோடு சேர்த்து அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, கைக்கே கயித்த விட மனசில்ல" என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் வலது கையால் கயிற்றை உருவிக்கொண்டேன்.

கடைசிக்கு வந்தேன். இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒரு பெண் ஐந்து ரூபாய்க் காசு கொடுத்தாள். அடையாளத்துக்குக் கோயில் குங்குமத்தை அதில் வைக்கச் சொன்னேன். காசை வலது கையில் வாங்கி, தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். இனி இடது கைக்குள் வைப்பதுபோல் வைக்கவேண்டும்.

அப்போது செண்பகத்தைப் பார்த்தேன். டோலக் அடித்துக்கொண்டே அவள் என் வலது கையைப் பார்த்தாள். கோபமாக இல்லை. சந்தேகமாகக்கூட இல்லை. மாவு உருண்டை வைத்த நாளிலிருந்து பழகிப்போன பார்வை, அவ்வளவுதான். இத்தனை நாள் கண்ணாடி முன்னால் என்னைச் சிரிக்க வைத்து, அழ வைத்து, தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டவள். அவளுக்கு என் வலது கையைத்தான் பார்க்கத் தோன்றுகிறது என்றால் அது என் வினை. 

காசை நிஜமாகவே இடது கைக்குள் வைத்தேன். விரல்கள் இறுகிக்கொண்டன. வலது கையை விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, செண்பகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினேன். அதில் ஒன்றும் இல்லை.

டோலக் நின்றுவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இனி செம்பைத் தூக்கிப் பயனில்லை. கை திறந்தால்தான் உண்டு.

திறக்கவில்லை. பேசவேண்டியதை எல்லாம் பேசிவிட்டேன். இரண்டாவது தடவையும் பேசினேன். வேர்வை கண்ணில் வழிந்தது. யாரோ, "கையத் தொறங்க அண்ணாச்சி, தேரு வந்துரும்" என்றார்கள், கூட்டம் சிரித்தது. அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. கூட்டத்தைப் பார்க்கவும் முடியவில்லை. என் கையை மட்டும் பார்த்தேன், இதுவரை எதையும் அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. செண்பகம் எழுந்து வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. மெதுவாக, மிக மெதுவாக டோலக்கை ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

கட்டைவிரல் விலகியது. அப்புறம் ஆள்காட்டி. நடுவிரல் நடுங்கிக்கொண்டே நின்றது, வந்தது. மற்ற இரண்டும் பாதிதான். உள்ளங்கை தெரிந்தது. குங்குமம் வேர்வையில் கரைந்து கையெல்லாம் சிவப்பு. நடுவில் காசு.

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நாங் குடுத்த காசுதான?"

"அதே காசுதான் தாயி."

"காசு வச்ச எடத்துலயே இருக்கு. இதுல என்னவே வித்தை?" என்றார் ஒரு பெரியவர். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை.

செண்பகம் சிரிக்கவில்லை. டோலக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வட்டத்துக்குள் வந்தாள். வித்தை நடக்கும்போது அவள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. என் இடது கையை எடுத்து விரலை ஒவ்வொன்றாகத் தொட்டாள், திருப்பினாள், பின்பக்கம் பார்த்தாள். வளையத்தையும் செம்பையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி நான் கூட்டத்தில் கொடுத்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தாள். என் வலது கை எங்கே இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

"பாத்தாச்சா?" என்றேன்.

"பாத்தாச்சு."

வெளிவட்டத்தில் ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். "ஏட்டி, சனம் போவுது. டோலக்க எடு" என்றேன்.

"போனாப் போவட்டும்" என்றாள். "கொஞ்ச நேரம் இருங்க."